சீனியர் நம்பிக் கொடுக்கும் கேஸ் கட்டு

பி.காம். படிக்கிறவர்களுக்குப் போட்டிச் சட்டம் என்றால் பரீட்சைக்கு வரும் ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் 2002-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட ராகவன் கமிட்டியில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். பெயர் பல்லவி ஷ்ராஃப். பிறகு நாட்டின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றுக்கே நிர்வாகப் பங்குதாரர் ஆனார்.

திறமை இல்லாமல் இது நடக்காது. ஆனால் அவருடைய அப்பா, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.என்.பகவதி. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு அப்பா இல்லாத பெண்? உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து மதுரை சட்டக் கல்லூரியில் படித்து, ஹைகோர்ட் கிளையில் ஜூனியராகச் சேருகிறவளுக்கு சீனியர்தான் எல்லாம். வாய்தா வாங்க மட்டும் அனுப்பினால் பத்து வருஷம் ஆனாலும் அதே இடம்தான்.

2024-ல் ஹைகோர்ட் உத்தரவை அடுத்து, மதுரை ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல விஷயம். ஆனால் அது ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான். தொழிலை யார் கற்றுத் தருவது?

கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதாக சிமென்ட் கம்பெனிகளுக்கு 2012-ல் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது அப்பீல், மறுவிசாரணை என்று வருஷக்கணக்கில் இழுத்தது தனிக்கதை. மதுரையிலும் சிமென்ட் வாங்குகிறார்கள். ஆணையத்தில் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். அதை எழுதத் தெரிந்த வக்கீல் வேண்டாமா?

அந்த முதல் கட்டை ஒரு ஜூனியர் பெண்ணிடம் நம்பிக் கொடுப்பதுதான் சீனியருக்கு அழகு.