கணக்குப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது?

"ஈ.ஆர்.பி." என்று சொல்லிக்கொண்டு மளிகைக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் இப்போது ஆட்கள் வருகிறார்கள். கொள்முதல், இருப்பு, விற்பனை, பற்று வரவு, சம்பளம், வரி எல்லாம் ஒரே மென்பொருளில் அடங்கிவிடும். மாதச் சந்தா கட்டினால் போதும். கம்ப்யூட்டர்கூட வேண்டாம், செல்போனே போதும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் அதிகமில்லை. ஆனால் அந்த மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நம் கணக்கு எங்கே போய் உட்காருகிறது என்பதை அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1964-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஜோசப் ஓர்லிக்கி என்பவர் தொழிற்சாலைகளுக்காக ஒரு கணக்கு முறையை உருவாக்கினார். எந்த உதிரிப் பாகம் எவ்வளவு கையில் இருக்கிறது, எவ்வளவு ஆர்டரில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு எப்போது வாங்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. தீபாவளிக்கு முன் கடலைப் பருப்புக்கும் நெய்க்கும் நாம் மனக்கணக்காகப் போடுவதுதான். அவர்கள் அதை இயந்திரத்தில் போட்டார்கள்.

1972-ல் ஜெர்மனியில் ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் இன்று உலகம் முழுவதும் பேர் பெற்ற எஸ்.ஏ.பி. அந்தக் காலத்தில் அன்றைய சீட்டுகளையெல்லாம் அட்டைகளில் துளையிட்டு, மொத்தமாக இயந்திரத்தில் ஓட்டி, அப்புறம்தான் கணக்குப் பார்ப்பார்கள். அப்படியில்லாமல், பதிந்த உடனே இருப்பும் குறைய வேண்டும், பேரேடும் ஏற வேண்டும் என்பது இந்த ஐவரின் எண்ணம். ஆரம்பத்தில் அவர்களுக்குச் சொந்தக் கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் ஆலைதான் முதல் வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரின் இயந்திரத்திலேயே உட்கார்ந்து எழுதினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று இயந்திரமும் கணக்கும் முதலாளி வீட்டில் இருந்தன. மென்பொருள் எழுதுகிறவர்தான் அங்கே தேடி வந்தார்.

அடுத்த கட்டம் 1992-ல் வந்த 'ஆர்-3'. ஈ.ஆர்.பி. என்ற பெயரை அமெரிக்காவின் கார்ட்னர் நிறுவனம் சூட்டி அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. அதுவரை ஒரே பெரிய இயந்திரம்தான் எல்லா வேலையும் செய்தது. மேசை மேலிருந்தது வெறும் ஜன்னல். ஆர்-3 அதை மூன்றாகப் பிரித்தது. நம் கடை வழக்கத்தில் சொன்னால், கல்லாவில் பில் போடுகிறவர் ஒருவர். அதைச் சரிபார்த்துக் கணக்குப் போடும் கணக்குப்பிள்ளை ஒருவர். பேரேடு இருக்கும் இரும்புப் பெட்டி தனி. கூட்டம் கூடினால் கணக்குப்பிள்ளைகளை மட்டும் அதிகப்படுத்திக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். இரும்புப் பெட்டி அப்போதும் நம் வீட்டில்தான்.

இருந்தாலும் புதுக் கட்டடத்துக்கு நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அமெரிக்காவில் பாக்ஸ்மேயர் என்று மருந்து மொத்த வியாபாரம் செய்த பெரிய கம்பெனி. அதன் பழைய இயந்திரம் ஒரே இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டதாகவும், புதிய முறை 10,000-க்கே திணறியதாகவும் அப்போது செய்திகள் வந்தன. 1996-ல் அது திவாலானது. மென்பொருள் ஒன்று மட்டும் காரணமல்ல. லாப விகிதத்தைக் குறைத்துக்கொண்டு பெரிய ஒப்பந்தங்களைப் பிடித்ததும் ஒரு காரணம். ஆனாலும் நவராத்திரி, தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் மாதிரி பில் நாலு போட்டுக் காட்டியதும் திருப்திப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது லிடில் கதை. ஜெர்மனியின் பெரிய மளிகைக் கடைத் தொடர் அது. 2011-ல் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாற ஆரம்பித்தார்கள். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? இருப்புச் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவதா, விற்கும் விலையில் மதிப்பிடுவதா என்பதில்! லிடில் காலங்காலமாக வாங்கிய விலையில் வைத்துப் பழகியது. மென்பொருளோ விற்கும் விலையை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்டது. மேலுக்குப் பார்த்தால் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றும் வேலைபோலத் தோன்றும். ஆனால் 50 மூட்டை துவரம் பருப்பு இருப்பில் இருக்கிறது என்றால், எந்த விலையில் எழுதுகிறோமோ அதைப் பொறுத்து லாபம் எப்போது தெரிகிறது, சேதாரம் எவ்வளவு என்று காட்டுகிறது, தள்ளுபடி எங்கே போய்க் கழிகிறது எல்லாமே மாறும். லிடில் தன் வழக்கத்தை விடவில்லை. அதற்காக மென்பொருளை மாற்றி மாற்றித் தைத்தார்கள். ஏழு வருடம் ஆயிற்று; ஏறத்தாழ 50 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 4,000 கோடி ரூபாய் செலவானதாகச் செய்தி. 2018-ல் போதும் என்று நிறுத்திவிட்டுத் தங்கள் பழைய சொந்த மென்பொருளுக்கே திரும்பினார்கள்.

லிடிலின் பிடிவாதம்தான் தவறு என்று எழுதியவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. ஒரு வியாபாரி இருப்பை எப்படி எண்ணுகிறான் என்பது அவன் தொழிலின் முதுகெலும்பு. மிளகாய் மூட்டை காய்ந்து எடை குறைவது, மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகத் தள்ளுவது, தரகு, சாக்குக் கழிவு, சந்தைக்குச் சந்தை மாறும் தவணை இவையெல்லாம் நம் முதுகெலும்பு. மென்பொருள் இவற்றுக்கு இடம் தருமா என்று பணம் கட்டுமுன் கேட்பவர்தான் கெட்டிக்காரர். "பிறகு மாற்றித் தருகிறோம்" என்ற பேச்சை எழுத்தில் வாங்க வேண்டும்.

நம் நாட்டில் பெங்களூரில் 1986-ல் பிறந்த டேலி நமக்குப் பழகியது. சொந்தத் தொழிலுக்குக் கணக்கு மென்பொருள் தேடிய ஒரு தொழிலதிபர் தம் மகனையே எழுதச் சொல்லி வந்தது அது. வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்ததால்தானோ என்னவோ, கடைக்காரர்கள் கையோடு ஒட்டிக்கொண்டது. கணக்கும் நம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

இதற்கிடையே 1998-ல் அமெரிக்காவில் நெட்லெட்ஜர் என்று ஒரு கம்பெனி (பின்னாளில் நெட்சூட்) கணக்கை இன்டர்நெட் வழியாகவே எழுதும் முறையைக் கொண்டுவந்தது. இன்று 'கிளவுட்' என்று சொல்லி விற்பது அந்த வழியில் வந்ததுதான். இங்கேதான் இரும்புப் பெட்டி நம் வீட்டைவிட்டுப் போயிற்று. நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். பேரேடு எங்கோ ஓர் ஊரில், வேறொருவர் பூட்டுக்குள்.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் புகுந்த கடைகளைப் பார்த்தவர்களுக்கு, கணக்கு வேறிடத்தில் பத்திரமாக இருப்பதன் அருமை தெரியும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் 2023 ஆகஸ்ட் முதல் வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்தாக வேண்டும் என்றான பிறகு, வெளித் தொடர்பே இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

ஆனால் சந்தா நின்றால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவருக்குச் சந்தாவைத் திடீரென்று உயர்த்தினார்கள். அவர் பேசிப் பார்க்கலாம் என்று சில நாள் தாமதித்தார். திரையில் பணம் கட்டும் பக்கம் தவிர வேறெதுவும் திறக்கவில்லை. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் முழுவதும் உள்ளே. கேட்ட தொகையைக் கட்டிய பிறகும், வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவில் கணக்கைத் தரவில்லை. பக்கம் பக்கமாகப் படம்போல அச்சடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தன் கடன்காரர் பட்டியலைத் தானே மீட்கப் பணயத்தொகை கட்டியது போலாயிற்று. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றி வைக்கச் சொல்கிறது. அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மென்பொருள்காரர் அல்ல, நாம்தான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்த நெருக்கடி உண்டு. எஸ்.ஏ.பி.யின் பழைய மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், பேரம் பேச ஆள் இருக்கிறது. தனிக் கடைக்காரரிடம் என்ன இருக்கிறது?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்களுக்கு மென்பொருள் விற்க வருகிறவர்கள், முழுக் கணக்கின் நகலை மாதந்தோறும் நம் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ள வழி தர வேண்டும்; சந்தா நின்றாலும் பழைய கணக்கைப் பார்க்கவும், வேறு மென்பொருளில் ஏற்றும் வடிவில் வாங்கவும் குறிப்பிட்ட காலம் விட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதித் தராதவர்களைச் சங்கக் கூட்டங்களில் விளக்கம் காட்ட அனுமதிக்கக் கூடாது. அடுத்த செயற்குழுவில் இதை எழுத்து மூலம் கொடுக்க இருக்கிறேன். ஏற்கெனவே இப்படிப்பட்ட மென்பொருள் வாங்கியிருக்கும் உறுப்பினர்கள் தங்கள் ஒப்பந்த நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், நிபந்தனைகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.