ஜெனீவாவுக்குப் போனவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வருவார்களா?

கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவுக்காக ஜெனீவாவுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். மகனை வெள்ளை வானில் கொண்டுபோய்ப் பல வருடங்கள். கேள்விகளைத் தமிழில் வாசித்து, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினேன். முடிந்ததும் கேட்டார்: "தம்பி, இதை அங்க ஆர் வாசிப்பினம்?"

வாசிப்பது, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழு. 1980இல் உருவான இக்குழு, குடும்பங்களிடமிருந்தும் அவர்களுக்காகச் செயற்படும் அமைப்புகளிடமிருந்தும் முறைப்பாடுகளை ஏற்று, "இவருக்கு என்ன நடந்தது?" என்று அரசாங்கத்தைக் கேட்கிறது. குற்றவாளி யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஆனாலும் அரசுகள் மட்டுமே பேசுவதற்கென்று அமைந்த ஓர் உலக சபையில், ஒரு தாயின் கடிதம் அரசைப் பதில் சொல்லக் கேட்பது சின்ன விடயமல்ல.

அந்த வழியை அரசுகள் தாமாகத் திறக்கவில்லை. ஆர்ஜென்டீனத் தாய்மார் 1977இல் புவனஸ் அயர்ஸ் சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினார்கள். இதற்கென ஓர் உலகச் சட்டம் வேண்டும் என்று லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் கூட்டமைப்பு 1980களிலேயே கோரியது. 2006இல்தான் ஐ.நா. அந்தச் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை 2016இல் அதில் இணைந்தது.

தெற்கிலும் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 1990 செப்டெம்பரில், காணாமல் போனோரின் விபரங்களோடு ஜெனீவா புறப்பட்ட ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யிடமிருந்து கட்டுநாயக்கவில் பொலிஸார் ஆவணங்களையும் படங்களையும் பறித்தார்கள். அவர் மஹிந்த ராஜபக்ஷ. 2009க்குப் பிறகு அதே ஜெனீவா அவருக்கு வெளிநாட்டுத் தலையீடாகத் தெரிந்தது!

மனித உரிமைகள் பேரவையில் வாக்கு 47 நாடுகளுக்கு மட்டும். ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்துப் பெற்ற அரச சார்பற்ற நிறுவனங்கள் பேசலாம். பொது விவாதத்தில் கிடைப்பது 90 செக்கன். வவுனியாவில் கொட்டகை போட்டிருக்கும் தாய்மாருக்கு அந்த அந்தஸ்து இல்லை. வேறொரு நிறுவனத்தின் அனுமதி அட்டையோடுதான் உள்ளே போகவேண்டும். விசா, விமானச் சீட்டு, மொழி எல்லாம் தனிக்கதை. இத்தனைக்கும் பலன் இருந்தது. 2021 மார்ச்சில் 22 நாடுகள் ஆதரித்து, 11 எதிர்த்து, இந்தியா உட்பட 14 நாடுகள் ஒதுங்கி நின்று நிறைவேறிய 46/1 தீர்மானம், சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறையை ஐ.நா.வுக்குள் உருவாக்கியது. குடும்பங்கள் சலிக்காமல் கொடுத்த வாக்குமூலங்கள் இல்லாவிட்டால் எதைத் திரட்டுவது?

எனக்குள்ள கேள்வி வேறு. அந்த 90 செக்கனில் பேசுபவரைத் தெரிவுசெய்தது யார்? 2016இல் காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் வந்தபோது கொழும்பின் சிவில் அமைப்புகள் பல வரவேற்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவில் அமர்ந்த தாய்மார் அந்த அலுவலகத்தை ஏற்கவில்லை. இரு தரப்பும் பேசியது அதே பிள்ளைகளைப் பற்றித்தான். புலம்பெயர் அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. அரசாங்கத்திடம் பொறுப்புக்கூறல் கேட்பவர்கள், தாம் என்ன பேசினோம் என்பதை உரியவர்களிடம் தமிழில் வந்து சொல்வது அபூர்வம். வெள்ளவத்தை மண்டபக் கூட்டங்களிலும் கைக்கு வருவது ஆங்கில அறிக்கைதான்.

அப்படி வந்த ஓர் உரையைத் தமிழாக்கி அந்த அம்மாவிடம் வாசித்தேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, "இதைச் சொல்ல முதல் எங்களிட்ட ஒருக்கா கேட்டிருக்கலாம்தானே" என்றார். அடுத்த அமர்வுக்கு யார் போகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.