பிரபஞ்சத்துக்கு அறிவு இருக்கட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

"பாருங்கள், எறும்பு வரிசையாகப் போகிறது. பூமி நேரம் தவறாமல் சுற்றுகிறது. உங்கள் இதயம் யாரும் சொல்லாமலே துடிக்கிறது. இத்தனை ஒழுங்குக்குப் பின்னால் ஒரு பேரறிவு இருக்கிறதா, இல்லையா?"

போன வருடம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு சொற்பொழிவில் பேச்சாளர் இப்படிக் கேட்டார். கூட்டம் மொத்தமும் "இருக்கு" என்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும்தான் தலையாட்டினேன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது! அடுத்த வரி வந்தது: "அதே பேரறிவு உங்கள் உடம்புக்குள்ளும் இருக்கிறது. அதை நம்பாமல் மாத்திரையை நம்புகிறீர்களே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சித்தி அந்த வரியை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

சித்தி மகளுக்கு வயது பதினான்கு. வலிப்பு நோய். மாத்திரை போட ஆரம்பித்து ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. "நல்லாத்தானே இருக்கா, இனிமே உடம்பே பாத்துக்கும்" என்று சித்தி மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் காலை, ஸ்கூலுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். நெற்றியில் ஐந்து தையல்.

சித்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. தினமும் மகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அம்மா, "இனி வேண்டாம்" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குவது இயல்புதான். என் சண்டை அந்த மேடைப் பேச்சோடு. அதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஓட்டை: ஒழுங்கு இருந்தால் அறிவு இருக்க வேண்டுமாம்.

அவர் சொன்ன எறும்பையே எடுத்துக்கொள்வோம். எறும்பு வரிசைக்குத் தலைவர் கிடையாது. முன்னால் போன எறும்பு விட்டுச் சென்ற வாசனையைப் பின்னால் வருவது பிடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். சில வகைப் படை எறும்புகள் வழி தவறினால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றின் பின்னால் ஒன்றாக வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். கடைசியில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றியே செத்துவிழும். வில்லியம் பீபி என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் கயானா காட்டில் இதைப் பார்த்து, 1921-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்த வட்டத்தை விட ஒழுங்கு உண்டா? அதில் அறிவு எங்கே?

நான் பி.காம் படிக்கிறவன். அதனால் என் பாடத்திலிருந்தும் ஒரு உதாரணம். நாளைக்குச் சென்னைக்கு எத்தனை லாரி தக்காளி வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரி எந்த ஆபீசிலும் இல்லை. ஆனாலும் விடிவதற்குள் கோயம்பேட்டில் தக்காளி இறங்கிவிடுகிறது. ஆந்திராவில் ஒரு விவசாயி, ஒரு லாரி டிரைவர், ஒரு கமிஷன் மண்டிக்காரர், ஒரு தள்ளுவண்டிக்காரர்... ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்கு. ஆடம் ஸ்மித் 1776-ல் தன் புத்தகத்தில் 'கண்ணுக்குத் தெரியாத கை' என்று சொன்னது இந்த மாதிரி விஷயத்தைத்தான். பெயர் கை என்றாலும் அங்கே கையும் இல்லை, கைக்கு மேல் தலையும் இல்லை.

முக்கியமாக, அந்தக் கைக்கு இரக்கம் இல்லை. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க அரசாங்கம்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. விலை விழுந்தால் விவசாயி தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறார். இரண்டும் அதே ஒழுங்கின் விளைவுதான். தானாக வருகிற ஒழுங்கு நம்மைக் காப்பாற்றும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

இரண்டாவது ஓட்டை: பட்டாம்பூச்சி.

பிரேசிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி வருமாம். அதனால் உங்கள் ஒரு எண்ணம் பிரபஞ்சத்தையே மாற்றுமாம். இதற்குப் பெயர் கேயாஸ் தியரியாம். அட போங்க சார்!

எட்வர்ட் லோரன்ஸ் 1961-ல் கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஒன்றைத் திரும்ப ஓட்டினார். 0.506127 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் விடை அடியோடு மாறிப்போனது. நம்ம அக்கவுண்ட்ஸில் பைசாவை ரவுண்டு பண்ணினால் ஆடிட்டர்கூடக் கண்டுகொள்ள மாட்டார். அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்ன வித்தியாசம் வானிலையையே மாற்றிவிட்டது. இதன் பாடம் என்ன? விதிகள் கறாராக இருந்தாலும் நீண்ட நாள் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான். பட்டாம்பூச்சி சூறாவளியை வேண்டி வரவழைக்க முடியாது. அது சிறகடித்ததால் வர வேண்டிய சூறாவளி நின்றும் போகலாம். நம் பிடி எவ்வளவு சின்னது என்று காட்டிய ஆராய்ச்சியை, நம் ஆசைக்குச் சாட்சியாக மேடையில் ஏற்றுகிறார்கள்.

மூன்றாவது ஓட்டைதான் எங்கள் வீட்டில் விழுந்தது: மூளை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. விழித்திருக்கும்போது அவை ஒவ்வொன்றும் தன் தன் வேலையைப் பார்ப்பதால், ஈ.ஈ.ஜி. தாளில் கோடு சின்னதாக, கோணல்மாணலாக ஓடும். ஆழ்ந்த தூக்கத்தில் அலை பெரிதாகி, மெதுவாகி, ஒரு சீராக வரும். வலிப்பின்போது? லட்சக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிக்கும். அந்தத் தாளம் மூளை முழுக்கப் பரவினால் நினைவு தப்பிவிடும். மேடையில் புகழ்ந்தாரே ஒழுங்கு, அது என் தங்கையின் மண்டைக்குள் அளவு மீறியபோதுதான் அவள் படியில் விழுந்தாள்.

ஆக, பிரக்ஞை என்பது முழு ஒழுங்கில் இல்லை. முழு குழப்பத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடக்கிற விஷயம் அது. கால் தவறினால் பிடித்துக்கொள்ள உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

'உடம்புக்குள் இருக்கும் அறிவு' என்ற சரக்கும் புதிதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டி.டி.பால்மர் என்பவர் 1895-ல் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்யும் வைத்தியத்தைத் தொடங்கினார். உடம்பில் பிறவியறிவு ஒன்று நரம்பு வழியாக ஓடுகிறது, எலும்பு விலகி அதைத் தடுப்பதால்தான் ஏறக்குறைய எல்லா நோயும் வருகிறது என்றார். அந்த அறிவை இன்றுவரை யாரும் அளந்து காட்டவில்லை.

சரி, எதிர்த்தரப்பின் நல்ல கேள்வியையும் மறைக்கக் கூடாது. "விதிகள் தானாக வேலை செய்கின்றன, சரி. அந்த விதிகளை எழுதியது யார்?" நியாயமான கேள்வி. ஜடமான செல்களிலிருந்து 'நான்' என்ற உணர்வு எப்படி வந்தது என்பதற்கும் விஞ்ஞானத்திடம் இன்னும் முழுப் பதில் இல்லை. நீங்கள் அங்கே கடவுளை வையுங்கள், பிரம்மத்தை வையுங்கள், நான் வம்புக்கு வரவில்லை. ஆனால் புவியீர்ப்பு விதியை எழுதியவர் இருந்தாலும், மாடியிலிருந்து குதித்தால் கால் உடையத்தான் செய்யும். 'விதியை எழுதியவர் இருக்கிறார்' என்பதிலிருந்து 'மாத்திரை வேண்டாம்' என்பதற்கு ஒரே தாவாகத் தாவுவதுதான் மோசடி.

நான் கும்பிடுகிற அறிவு வேறு. 1857-ல் புரோமைடு வலிப்புக்கு உதவுகிறது என்று கண்டது. 1912-ல் ஃபீனோபார்பிட்டால். 1938-ல் ஃபெனிட்டாயின். தவறி, திருத்தி, மறுபடி சோதித்துச் சேர்த்த அறிவு. பிரபஞ்சத்தில் வேறு எங்கே அறிவு இருக்கிறதோ இல்லையோ, இங்கே இருந்தது.

இப்போது தினமும் இரவு எட்டரைக்கு என் செல்போனில் அலாரம் அடிக்கும். சித்தி வீட்டுக்குப் போன் போடுவேன். "போட்டாச்சுண்ணா" என்பாள். இந்த ஒழுங்கு தானாக வரவில்லை, நாங்கள் உண்டாக்கினோம்.

டிஸ்கி: சில வருடம் வலிப்பே வராவிட்டால் டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. திடீரென்று நீங்களாக நிறுத்துவது வேறு, அது ஆபத்து. மேடையில் இருப்பவரைக் கேட்காதீர்கள். என்னையும் கேட்காதீர்கள், நான் வெறும் பி.காம் :-)