பாட்டி முறிக்கும் நெட்டி

நெட்டி முறிக்காத குழந்தை உங்கள் வீட்டில் உண்டா, சகோதரிகளே? பாடப் புத்தகத்தைத் திறந்ததும் பத்து விரலையும் ஒரு முறை 'படக் படக்' என்று சொடுக்கினால்தான் பையனுக்குப் பாடம் ஏறும். "விடுடா, எலும்பு தேய்ந்து போகும்! வயதான காலத்தில் விரல் முடங்கிவிடும்" என்று நீங்கள் அதட்டுகிறீர்கள். ஆனால் அதே பையன் புதுச் சட்டை போட்டு வந்து நின்றால், பாட்டி அவன் முகத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிக்கிறாள். அது மட்டும் எந்த எலும்பு?

உண்மையில் இரண்டிலும் எலும்புக்கு வேலையே இல்லை. விரல் மூட்டைச் சுற்றி ஒரு சிறு பை இருக்கிறது. அதனுள்ளே முட்டையின் வெள்ளைக் கருவைப் போல வழவழப்பான திரவம். கீலுக்கு எண்ணெய் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். அந்தத் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. விரலை இழுத்தாலோ மடக்கினாலோ மூட்டு சற்று விலகும், உள்ளே அழுத்தம் சட்டென்று குறையும், வாயு குமிழியாகும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்கி வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

குமிழி தோன்றும்போது சப்தமா, உடையும்போதா? இதில் டாக்டர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. 1947-ல் லண்டனில் எக்ஸ்ரே பிடித்துப் பார்த்த இருவர் தோன்றும்போது என்றார்கள். 1971-ல் லீட்ஸ் நகரத்தார் உடையும்போது என்றார்கள். 2015-ல் கனடாவில் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையில் ஸ்கேன் கருவிக்குள் விரலை இழுத்துப் படம் பிடித்தார்கள். சப்தம் வந்த பிறகும் குமிழி உள்ளேயே இருந்தது! 2018-ல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களோ, குமிழி பாதி சுருங்கினாலே அந்தச் சப்தம் வரும் என்கிறார்கள்.

அந்த வாயு மறுபடி கரைய சுமார் இருபது நிமிஷம் ஆகும். அதுவரை அந்த விரல் சொடுக்காது. ஆகவே, பேரனுக்குத் திருஷ்டி கழித்த கையோடு பேத்திக்கும் கழித்துவிட்டு, "இவளுக்கு அவ்வளவு திருஷ்டி இல்லையடி" என்று மாமியார் சொன்னால், குறை பேத்தியின் அழகில் இல்லை!

வாதம் வருமா என்ற கவலைக்கு வருவோம். அமெரிக்காவில் டொனால்டு அங்கர் என்ற டாக்டரைச் சிறு வயதில் அம்மாவும், அத்தைமாரும், பிற்பாடு மாமியாரும் இப்படித்தான் பயமுறுத்தினார்களாம். அவர் இடக்கை விரல்களை மட்டும் தினம் இரண்டு தடவையாவது சொடுக்கி, வலக்கையைச் சும்மா விட்டு வைத்தார். ஐம்பது வருஷம் பொறுத்து, 1998-ல் முடிவைச் சொன்னார்: இரண்டு கையிலும் வாதமில்லை. ஒருவர் கையை நம்பலாமா என்பீர்கள். 2011-ல் இருநூறுக்கு மேற்பட்டவர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தபோதும் தொடர்பு தெரியவில்லை. எனவே பையனை விட்டு விடுங்கள். சொடுக்கும்போது வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, விரல் மடங்கி நின்று விட்டாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதட்ட வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார்: சலூனில் முடி வெட்டிய பிறகு தலையைக் கொடுத்துக் கழுத்தில் சொடக்கு எடுத்துக் கொண்டு வருகிறாரே, உங்கள் வீட்டுக்காரர். விரல் வேறு, கழுத்து வேறு. மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் கழுத்து வழியாகத்தான் செல்கின்றன. வெடுக்கென்று திருகியதில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அடுத்த தடவை புறப்படும்போதே, "தலைமுடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்" என்று ஞாபகப்படுத்தி அனுப்புங்கள்.