காரணம் தேடும் பணம், வழி தேடும் பிள்ளைகள்

கர்ப்ப காலத்தில் எடுக்கும் பாரசிட்டமால் மாத்திரை பிள்ளைக்கு ஆட்டிசம் வரக் காரணமாகலாம் என்று வெள்ளை மாளிகை குற்றம் சுமத்திய 2025 செப்டம்பர் 22 அன்றே, ஆட்டிசம் ஆய்வுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கீட்டையும் அமெரிக்க அரசு அறிவித்தது. 13 ஆய்வுத் திட்டங்கள்; ஆட்டிசம் எதனால் வருகிறது, ஏன் பெருகுகிறது என்று கண்டறிவதே முதன்மை நோக்கம். மாத்திரை விவகாரத்தில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு இல்லாமல் போனதை 2024-லேயே வெளியிட்டுவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, தெருவில் நடக்கும் பிள்ளை எப்படி வீடு திரும்பும் என்பதை ஆராய யார் பணம் தருகிறார்கள்?

2013 அக்டோபரில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத 14 வயது அவாண்டே ஒகுவெண்டோ பள்ளியிலிருந்து தனியாக வெளியேறினான். ரயில் என்றால் அவனுக்கு உயிர். சுரங்க ரயில் பாதைகளிலெல்லாம் தேடினார்கள். தாயின் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டபடி வாகனங்கள் தெருத் தெருவாகச் சென்றன. 2014 ஜனவரியில் ஈஸ்ட் நதிக்கரையில் அவனது உடலின் எச்சங்கள்தான் கிடைத்தன.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் 2012-ல் வந்த ஆய்வு, ஆட்டிசம் உள்ள 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டது. நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் பாதுகாப்பை விட்டு வெளியேற முயன்ற பிள்ளைகள் 49 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், வீட்டார் பதறும் அளவுக்கு நீண்ட நேரம் காணாமல் போயிருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளின் மனத்தில் ஊரின் வரைபடம் எப்படி உருவாகிறது? எலியின் மூளையில் இடத்தை உணரும் செல்களைக் கண்டறிந்தவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. ஆட்டிசம் உள்ளவர்களின் வழியறிதல் பற்றியோ நம் கையில் இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சில சிறிய ஆய்வுகள். மான்ட்ரியலில் ஆளுயரப் புதிர்ப்பாதை அமைத்து ஆட்டிசம் உள்ள 16 பேரை நடக்கவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சமமாக வழி கண்டுபிடித்தார்கள், வரைபடத்தை நினைவுகூர்வதில் ஒருபடி மேலேயே இருந்தார்கள் என்றது 2004-ல் வந்த முடிவு. பிரிட்டனில் கணினித் திரையில் ஒரு தீவைக் காட்டி, மறைந்திருக்கும் பொருளைத் தேடிப் போகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள 27 பேர் பங்கேற்ற அந்த 2013 ஆய்வில் தடுமாற்றம் தெரிந்தது. பிரிஸ்டலில் லிஸ் பெலிகானோவும் சகாக்களும் ஓர் அறையின் தரையில் விளக்குகளைப் பதித்து, அவற்றுள் சரியானதைக் குழந்தைகளைத் தேடச் சொன்னார்கள். அறையின் ஒரு பக்கத்தில்தான் அது அடிக்கடி இருக்கும். மற்ற குழந்தைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தேடலில் அந்த ஒழுங்கு குறைவாக இருந்தது. ஒழுங்குமுறையைக் கண்டுபிடிப்பதில் இவர்கள் வல்லவர்கள் என்ற புகழ்பெற்ற கோட்பாட்டுக்கே அது நேரெதிர்.

யாரை நம்புவது? எவரையும் நம்ப முடியாது. ஏனென்றால், வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைகள் இந்த ஆய்வுகளில் அநேகமாக இல்லவே இல்லை. பேசத் தெரிந்த, நுண்ணறிவுத் தேர்வில் தேறியவர்களையே பெரும்பாலும் சேர்க்கிறார்கள். ஆய்வாளருக்கு அது வசதி. அவாண்டே அந்த வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டான்.

இதே பெலிகானோவின் தலைமையில் ஒரு குழு 2013-ல் பிரிட்டனின் ஆட்டிசம் ஆய்வுச் செலவைக் கணக்கெடுத்தது. அந்த எண்களைக் கொள்கை வகுக்கும் ஒவ்வொருவரின் மேசையிலும் ஒட்டிவைக்க வேண்டும். உயிரியல், மூளை, அறிதல் ஆகியவற்றுக்கு 56 சதவீதம். சேவைகளுக்கு 5. சமூகம் சார்ந்த கேள்விகளுக்கு வெறும் 1. ஆட்டிசம் உள்ளவர்கள், பெற்றோர், ஆய்வாளர்கள் என 1,600-க்கும் மேற்பட்டோரிடம் கருத்தும் கேட்டார்கள். அன்றாட வாழ்க்கைக்கு உதவும் ஆய்வு வேண்டும் என்பதுதான் அந்தக் குடும்பங்களின் பதில். வழியறிதலும் மூளை ஆய்வுதானே என்று சிலர் மடக்கலாம். ஆய்வகக் கதவோடு நின்றுவிட்டால் அப்படித்தான். பேருந்து நிறுத்தம்வரை வந்தால் அது உயிர்காக்கும் சேவை.

காரணம் தெரிந்தால் தடுத்துவிடலாம் என்கிறவர்களுடன் வாதாட நேரமில்லை. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31-ல் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்கிறது அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம். இவர்களில் யாரைத் தடுக்கப் போகிறார்கள்? கையில் ஜிபிஎஸ் கட்டிவிட்டால் போதும் என்பது இன்னொரு சோம்பேறித்தனம். அவாண்டேயின் பெயரும் தாங்கி 2018-ல் வந்த சட்டம் அந்தக் கருவிகளுக்கும் நிதி தருகிறது, தரட்டும். பிள்ளை எங்கே என்று கருவி போலீசாருக்குச் சொல்லும். வீடு எங்கே என்று பிள்ளைக்குச் சொல்லாது. போகும் இடம் தெரிந்தே கிளம்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்: பிடித்த இடத்தைத் தேடிப் போவதை அந்த 2012 ஆய்வில் பெற்றோர் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். போகத் தெரிந்த பிள்ளைக்குத் திரும்பி வரவும் கற்றுத்தர முடியும்.

அந்த 5 கோடி டாலரை வழங்கும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அடுத்த தவணையில் பாதிப் பணத்தை வழியறிதல் ஆய்வுகளுக்கு ஒதுக்க வேண்டும். திரைத் தீவுகளில் அல்ல, உண்மையான ரயில் நிலையங்களிலும் சாலைச் சந்திப்புகளிலும், பேசாத பிள்ளைகளையும் சேர்த்து, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே வடிவமைக்கும் ஆய்வுகளாக அவை இருக்க வேண்டும். அதுவரை காரணம் தேடும் ஒவ்வொரு டாலரும் இந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம்.