குடியாத்தத்தின் காலி ஆசனம்

1954 ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாகப் பதவியேற்ற காமராஜர், ராஜ்யத்தின் இரு சபைகளில் எதிலும் அங்கத்தினராக இல்லாமையால், ஆறு மாதத்துக்குள் அங்கத்தினராகியே தீரவேண்டுமென்ற அரசியல் சாசன விதிக்குக் கட்டுப்பட்டவராய், தமக்கு முன்பு ராஜாஜி நியமனத்தின் மூலம் மேல்சபையில் பிரவேசித்த சுலப மார்க்கத்தை நாடாமல், வட ஆர்க்காடு ஜில்லாவின் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்று, ஜனங்களின் நேரடிச் சம்மதத்தோடு சபைக்குள் நுழைந்தார். விருதுநகர்க்காரருக்கும் அந்த நெசவாளர் ஊருக்கும் சொந்தபந்தம் ஏதுமில்லை; 1957-ல் அவர் சாத்தூருக்குப் போய்விட்டதும் மெய்யே. ஆனாலும், மந்திரியின் தேவைக்காகச் சட்டம் அன்று குடியாத்தத்தின் வாசலில் காலந்தவறாமல் வந்து நின்றது.

குடியாத்தத்தின் தேவைக்கோ அது அவ்வளவு அவசரப்படவில்லை. 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த பதினெண்மரில் இத்தொகுதியின் அங்கத்தினரும் ஒருவராதலால், வழக்கு நியாயஸ்தலத்தில் நடந்து முடிந்து 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வரும்வரை ஆசனம் காலியாகக் கிடந்தது; அதில் வென்றவரும் 2020 பிப்ரவரியில் காலமாகிவிட, தொற்றுநோயைக் காரணங்காட்டி இடைத்தேர்தல் நடத்தப்படாமலே 2021 பொதுத்தேர்தல் வந்துவிட்டது. ஐந்தாண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் பிரதிநிதி இல்லை! 2008 மறுவரையறைக்குப்பின் இது ஷெட்யூல்டு வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி என்பதை நினைத்தால், மௌனமாக்கப்பட்டது எவருடைய குரல் என்பது விளங்கும்.

காலி ஆசனத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டுமென்றுதான் ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவும் கூறுகிறது. ஆனால் எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாயிருந்தாலோ, தேர்தல் கமிஷன் மத்திய சர்க்காரைக் கலந்து கஷ்டமென்று சான்று கூறினாலோ அது தளர்ந்துவிடும். மந்திரிக்குரிய ஆறு மாதத்துக்கு இப்படியொரு தளர்வு கிடையாது. வழக்கு நிலுவையும் நோய்ப்பயமும் பொய்க்காரணங்கள் அல்லவென்று ஒப்புக்கொள்கிறேன். எனினும் அதே 2020-ல் பீகார் முழுவதற்கும் பொதுத்தேர்தல் நடத்த முடிந்ததே!

ஆகவே, கஷ்டமென்று சான்று கூறும் கமிஷன் அதன் காரணங்களை அத்தொகுதி ஜனங்களின் பாஷையில் பிரசுரிக்கவும், ஆசனம் காலியாயிருக்கும் காலத்தில் அவர்களுடைய மனுக்களைச் சபையில் எவர் எழுப்புவதென்று சட்டமே நிர்ணயிக்கவும் வேண்டும்.