அழைப்பு சரி, ஜாமீன் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பாளையங்கோட்டையிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான்.

'மாமா, ஒரு கோச்சிங்ல சேரப்போறேன். பன்னிரண்டு வாரம். 28,000 ரூபாய். பாதி நீங்க தர முடியுமா?'

பையனுக்கு ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். 'பேங்க் எக்ஸாமா?' என்றேன்.

'இல்ல மாமா.. வாழ்க்கையோட நோக்கத்தக் கண்டுபிடிக்கிறதுக்கு. கிறிஸ்தவ வாலிபர்களுக்குன்னே நடத்துறாங்க. கடைசி வாரம் நம்ம அழைப்பு என்னன்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுக்கணும். எனக்கு இப்பவே ஓரளவு தெரிஞ்சிருச்சு. வடக்க ஊழியத்துக்குப் போகணும். வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்.'

பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷமாக இருக்கிறான். அத்தான் இல்லை. அக்காவுக்கு வருகிற குடும்ப பென்ஷனை எண்ணிப் பார்க்க இரண்டு கை விரல்கள் போதும். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது இவனுடையது மட்டும்தான்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த கேள்வித்தாளை அனுப்பச் சொன்னேன். வாட்ஸப்பில் வந்தது. மொத்தம் நாற்பது கேள்விகள். உன் திறமைகள் என்ன, எதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை, பயமே இல்லையென்றால் என்ன செய்வாய், உன் வாழ்நாளில் எதை விட்டுச் செல்ல விரும்புகிறாய்.. இப்படியே போகிறது. இரண்டு முறை வாசித்தேன். (கடன் மனுவை வாசித்துப் பழகிய கண், விடாது.) நாற்பதில் ஒன்றுகூட இவன் போகப்போகிற ஊரைப் பற்றியோ, அங்கே இருக்கிறவர்களைப் பற்றியோ இல்லை. எல்லாமே நீ, உன், உனக்கு. ரிக் வாரனின் 'தி பர்ப்பஸ் டிரிவன் லைஃப்' 2002ல் வந்தபோது நாங்களும் சபையில் கூடி நாற்பது நாள் படித்தவர்கள்தான். அந்தப் புத்தகமாவது தொடக்கத்திலேயே வாசகனைத் தன்னை விட்டு வெளியே பார்க்கச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த இந்தக் கோச்சிங்காரர்கள் கண்ணாடியைத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

நான் இருப்பது போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாயில் இன்னும் பழைய பேர்தான் வருகிறது). இந்த ஊரில் இருந்துகொண்டு 'அழைப்பு' என்ற வார்த்தையைக் கேட்டால் 2018 நவம்பர் ஞாபகம் வராமல் இருக்காது.

ஜான் ஆலன் சாவ். அமெரிக்கர், 26 வயது. இங்கிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது வடக்கு சென்டினல் தீவு. 1956ம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக்கூடாது. அங்கே போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் தன் வாழ்க்கையின் நோக்கம் என்று பள்ளிக்கூட வயதிலிருந்தே மனதில் வைத்திருந்தவர். மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்து ராத்திரியில் படகில் போனார். முதல் நாள் ஒரு சிறுவன் விட்ட அம்பு அவர் கையிலிருந்த பைபிளில் குத்தியது. திரும்பி வந்தார், மறுபடி போனார். 17ம் தேதி காலையில் அவர் உடலைக் கரையில் இழுத்துப் போவதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். உடல் இன்றுவரை மீட்கப்படவில்லை.

அவரைப் பைத்தியம் என்று அன்றைக்கு ரொம்பப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர் தயாரிப்பில் குறை வைக்கவில்லை. மொழியியல் படித்தார், அவசர மருத்துவப் பயிற்சி எடுத்தார், தடுப்பூசி போட்டுக்கொண்டார், கிளம்புவதற்கு முன் பதினோரு நாள் வெளியே வராமல் ஒரு வீட்டில் அடைந்து கிடந்தார். கான்சாஸ் நகரின் ஆல் நேஷன்ஸ் அமைப்பு 2017ல் கொடுத்த பயிற்சியில் ஒரு பொய்க் கிராமமே அமைத்து, ஊழியர்கள் புரியாத பாஷை பேசிக்கொண்டு பொய் ஈட்டியோடு எதிரே வந்து நடித்துக் காட்டினார்களாம். எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுக்க அத்தனை பேர் இருந்தார்கள். போகாதே என்று சொல்கிற வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் அப்பா. மனநல மருத்துவர். மகனுக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. மகன் போன பிறகு, இந்த முடிவுக்கு அவனைத் தள்ளியது தீவிரமான மிஷனரி வட்டாரம்தான் என்று வருத்தப்பட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு மனு வந்தால் மனுதாரரின் ஆர்வத்தைப் பார்ப்பது கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசி, நேரில் போய் இடத்தைப் பார்ப்பது, தோற்றால் யார் தலையில் விழும் என்று பார்ப்பது. ஜாமீன்தாரர் கையெழுத்தில்லாமல் கோப்பு நகராது. சாவ் விஷயத்தில் ஜாமீன் யார் தெரியுமா? அந்த மீனவர்கள். ஏழு பேரைப் போலீஸ் கைது செய்தது, அதில் பெரும்பாலோர் படகுக்காரர்கள். தீவுவாசிகள் மேல் கோபப்படாதீர்கள் என்று குடும்பத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போன நல்ல மனசுக்காரர்தான் சாவ். ஆனால் 25,000 ரூபாய்க்கு அந்தப் படகுக்காரர்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவரோ, அவரைப் பயிற்றுவித்தவர்களோ யோசித்த மாதிரி தெரியவில்லை.

அவர்களைவிடப் பெரிய ஜாமீன் சென்டினல்காரர்கள். 1880ல் போர்ட்மேன் என்ற அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நாலு பிள்ளைகளையும் இங்கே பிடித்துக்கொண்டு வந்தார். தம்பதி நோயில் செத்துப்போனார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பிக் கொண்டு விட்டார்கள். கிரேட் அந்தமானியர் கதை இன்னும் மோசம். 1858ல் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைச் சுற்றித்தான். துப்பாக்கியை விட அம்மையும் மற்ற நோய்களும்தான் அதிகம் கொன்றன. பதினோரு நாள் அடைந்து கிடந்தால் அந்த ஆபத்து தீர்ந்துவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அப்படியானால் ஊழியமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லைங்க. இதே தீவுகளில் வேறொரு கணக்கும் இருக்கிறது, அதைத் தொடங்கியவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன், மதராஸ்காரர், உபதேசியார். 1890களின் நடுவில் கார் நிக்கோபாருக்கு அரசாங்க முகவராகப் போனார். அங்கேயே தங்கி, பாஷையைக் கற்றுக்கொண்டு, மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். தினமும் டைரி எழுதினார். அதன் பகுதிகள் 1902ல் லண்டன் மானிடவியல் சங்க இதழில் வந்தன. அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் நிக்கோபாரிகளைப் பற்றியவை, அவர்களுடைய விருந்து, சடங்கு, சாவு.. சாலமோன் தன் நோக்கத்தைத் தேடிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

அவர் பள்ளியில் படித்த ஒரு மூஸ் பையனை பர்மாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்து வாத்தியார் ஆனான். பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி பாஷையில் தந்தவர், 1950ல் பிஷப், 1952ல் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினர், 1975ல் பத்மபூஷண். கார் நிக்கோபாரில் கால்பந்தைப் பழக்கியதும் அவர்தான் என்பார்கள். (சாவ் கொண்டுபோன பரிசுகளிலும் ஒரு பந்து இருந்தது.) நிக்கோபாரிகள் நெடுங்காலமாகக் கப்பல்காரர்களுக்குத் தேங்காய் விற்றுப் பழகியவர்கள், சென்டினலோடு ஒப்பிட முடியாது என்பதும் நியாயம்தான். அந்த வித்தியாசத்தைத்தான் நான் கேட்கச் சொல்கிறேன். இவர்கள் பழகியவர்களா, கதவைச் சாத்தியவர்களா?

இதையெல்லாம் புதன்கிழமை ராத்திரி அவனிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில், 'ஏல, ஒன்னைய அங்க யாரு கூப்பிட்டா? அம்மாட்ட கேட்டியா? ஆறு மாசத்துல முடியலன்னா எங்க திரும்பி வருவே?' என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'கோச் அண்ணன் சொன்னாரு மாமா, சொந்தக்காரங்க இப்படித்தான் விசுவாசம் இல்லாம பேசுவாங்கன்னு' என்றான்.

சுருக்கென்றது. அந்த அண்ணனுக்கு என்ன, வாராக்கடன் அவர் கிளையில் விழாது.

14,000 ரூபாயை நான் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக சென்னையிலிருந்து இங்கே வர டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஜங்லிகாட் துறையில் படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் எனக்குக் கணக்குத் தொடங்கின காலத்திலிருந்து பழக்கம். அவர்களோடு உட்கார்ந்து ஒரு நாள் டீ குடிக்கட்டும் என்று நினைப்பு. ஆடிட்டரிடம் லீவு கேட்டிருப்பதாக நேற்று அக்கா சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வருகிறானா, லீவு போட்டுவிட்டு வருகிறானா என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.